பள்ளத்தின் உழைப்பு

மூன்றாவது டிப்பர் லொறி கிறவல் மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் நான் உண்மை பேச வேண்டியதாயிற்று. எழுபத்திநாலு வயதில் அது இலேசான காரியமில்லை.

சாய்ந்தமருதில் என் மருமகன் முபாறக்கின் புடவைக் கடைக்குப் பின்னால் எனக்கு இருபது பேர்ச் பள்ளக் காணி இருக்கிறது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடவாது. பேத்தி றுஸ்தாவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று; வீடு கட்ட மிஞ்சிக் கிடந்தது இந்த இடம்தான். நானும் தலையாட்டியிருந்தேன். கிறவல் மேட்டைக் கண்டதும் முபாறக்கைத் தேடிப் போனேன்.

"மருமகன், இதத் தூர்க்க வேணாம். மாரிக்கு றோட்டுத் தண்ணி முழுக்க இங்கதான் எறங்கும். ஒங்கட கடையக் காப்பாத்துறது இந்தப் பள்ளம்தான்."

"இதுக்குள்ள முதலை வந்து மூணு நாள் நிண்டது எண்டும் சொன்னீங்க, மாமா."

"போகக்குள்ள ஸலாமும் சொன்னதாம்" என்றான் டிப்பர்காரன். என் கதைகள் ஊருக்கே மனப்பாடம்.

"இத்தின வரிசத்தில ஒங்கட ஒரு சாரன் நனைஞ்சிருக்கா? அரிசிக்கட முகம்மது தம்பி அவர்ர பின்வளவ மூடினார். அடுத்த மாரிக்கே கடையில நாப்பது மூட அரிசி புளிச்சிப் போச்சி."

"முளைச்சிக் கதிரும் வந்திருக்குமே!" என்றார் முபாறக்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வரி. எனக்குத் தோன்றாமல் போனதே என்று வருத்தமாக இருந்தது.

பள்ளம் கிறவலால் முக்கால்வாசி நிரம்பியபோது மழை பிடித்தது. இரண்டாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் றோட்டைக் கடந்து கடைப் படியில் ஏறியது. மகள் றம்ஸியா கீழ்த்தட்டுச் சாறிகளை நெஞ்சோடு அணைத்து மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். முபாறக் சாரனை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"மாமா, எங்க வெட்டினா எறங்கும்?"

காட்டினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. காசு கொடுத்துக் கொட்டிய கிறவலை அவரே வெட்டி வீசினார். வாசல் தண்ணீர் கொஞ்சம் தயங்கி, பிறகு வெட்டிய வாய்க்காலில் திரும்பியது.

"அப்ப றுஸ்தாட ஊடு?" என்றார், குனிந்தபடியே.

"கடைக்கு மேல கெடக்கிற இடமும் எங்கடதானே? கூரையக் கழட்டிப்போட்டு மாடி எழுப்பலாம்."

இதுவும் என் கதைகளில் ஒன்றுதானோ என்று அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மழை நேரே கண்ணுக்குள் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.