பகையாளியோடு துப்பாக்கி எடுக்கப் போன நாள்

கிளியாற்றூரில் துப்பாக்கி எடுக்கப் போகிறவர்கள் பகையாளியையும் கூட அழைத்துப் போக வேண்டும். கூறைப்புடவை எடுக்கப் பெண் வீட்டாரை அழைத்துப் போவது போலத்தான். யாரை நினைத்து எடுக்கிறோமோ அவர் தூக்கிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் கடையில் பில் போட மாட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இடுப்பில் ஒரு துப்பாக்கியை வெளியே தெரியாதபடி செருகிக்கொண்டுதான் வீதியில் இறங்குவார்கள். இதுவரை யாரும் யாரையும் சுட்டதில்லை. குடை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் மழைக்கு ஆசைப்படுகிறவர்களா என்ன?

தாணுமாலயன் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர். அவருக்குத் தை மாதம் ஐம்பது நிறைந்தது. அவருடைய பகையாளி அடுத்த வீட்டு அணைந்தபெருமாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மதில் யாருடையது என்பதில் தொடங்கிய பகை. ஒரு மழையில் மதில் விழுந்து, கல்லையெல்லாம் யாரோ அள்ளிக்கொண்டு போன பிறகும் பகை மட்டும் அதே இடத்தில் நேராக நின்றது. தாணுமாலயன் அதை ஒழுங்காகப் பேணி வந்தார். தினமும் பல் தேய்க்கும்போது அடுத்த வீட்டைப் பார்த்து முறைப்பார். காய்ச்சல் நாட்களில்கூட எழுந்து வந்து முறைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார்.

அழைக்கப் போய் அவர் வாசலில் நின்றபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நீ எனக்குப் பகையாளியே இல்லை என்று சொல்லிவிட்டால்?

“துப்பாக்கி எடுக்கணும்,” என்றார்.

“எனக்கா?” என்றார் அணைந்தபெருமாள்.

“வேற யாருக்கு?”

“சட்டைய மாத்திட்டு வாறேன், இரும். உள்ள வந்துராதேயும்.”

உள்ளே வராதே என்றதும் தாணுமாலயனுக்குப் போன உயிர் திரும்பியது.

கடைக்காரி மரிய செல்வி இருவரையும் எதிரெதிர் பெஞ்சில் உட்காரவைத்தாள். “பில் போடுறது வரைக்கும் ரெண்டு பேரும் சேந்து ஒண்ணும் சாப்பிட்டுராதிய அண்ணாச்சி. பகை இளகிட்டுன்னா பில் மெஷின் ஓடாது,” என்றாள். பிறகு மேஜையில் பச்சைத் துணியை விரித்தாள்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். அதற்கு மேல் அதில் தத்துவம் எதுவும் இல்லை என்றுதான் தாணுமாலயன் நினைத்திருந்தார். ஆகவே முப்பத்திரண்டு காலிபரில் ஒரு பிஸ்டலை எடுத்தார். மெலிதாக இருந்தது. வேட்டி பெல்ட்டுக்குள் செருகினால் தடம் தெரியவில்லை.

“என்னவே அது?”

“முப்பத்திரண்டு.”

“எலி அடிக்கப் போறீரா? உம்ம தண்ணிக் குழாய்ல துணிய அடைச்சவன் நான். உம்ம மக கல்யாணத்தன்னைக்கு எங்க வீட்டுல ஒப்பாரி கேசட் போட்டவன் நான். அதுக்கெல்லாம் முப்பத்திரண்டுதானா?”

முப்பத்தெட்டில் ஒரு ரிவால்வரைக் காட்டினாள் மரிய செல்வி. தோட்டா சிக்கிக்கொள்ளாது, ஆனால் நடுவில் இருக்கும் உருளை சட்டைக்கு மேல் குடலிறக்கம் போலப் புடைக்கும் என்று உள்ளதைச் சொன்னாள். அணைந்தபெருமாள் அதைத் தொடக்கூட இல்லை. ஒன்பது மில்லிமீட்டரை நீட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது.

“ஊர்ல எல்லாவனும் அதத்தான் வச்சிருக்கான். எல்லாரோடயும் சேத்து என்னையும் ஒருத்தன் ஆக்கிட்டீரே.”

கடைசியில் அவரே நாற்பத்தைந்தைத் தூக்கினார். “இது மரியாத,” என்றார்.

தாணுமாலயன் அதைச் செருகிக்கொண்டார். இரண்டு ஒட்டியாணத்தின் எடை என்று கை சொன்னது. ஓர் அடி வைத்தார், வேட்டி நழுவியது. துப்பாக்கி வெளியே தெரிகிறதா என்று பார்க்கக் கடையில் வளர்க்கும் சோதனை ஆடு மூலையிலிருந்து வந்து, புடைத்த இடத்தில் சரியாக முட்டிவிட்டுப் போனது.

“தூக்க முடியாத துப்பாக்கி பீரோவுலதான் கெடக்கும் அண்ணாச்சி,” என்றாள் மரிய செல்வி. “அதுக்கு இடுப்புல கெடக்குற சின்னதே மேல்.”

தாணுமாலயன் பகையாளியைப் பார்த்தார். “உம்மது எத்தன?”

“அம்பது.”

தாணுமாலயனின் நெஞ்சு நிறைந்தது. பிறகுதான் உறைத்தது. “அப்ப எடுக்கும்போது என்னைய ஏன் கூப்பிடல?”

அணைந்தபெருமாள் ஆட்டைப் பார்த்தார். “அது உமக்கு எடுத்தது இல்லவே. ரேஷன் கடை முன்னால நிக்குல்லா, அந்த வாதாம் மரத்துக்கு எடுத்தது.”

“மரம் வந்துச்சா?”

“வராம? நிழல அங்கேயே விட்டுட்டு வந்துச்சு. அம்பதுக்குக் கொறஞ்சா வேண்டாம்னு ஒரே நிலையா நின்னுட்டு.”

தாணுமாலயன் துப்பாக்கியைப் பச்சைத் துணியில் வைத்தார். இத்தனை காலைகளில் பல் தேய்த்தபடி முறைத்ததெல்லாம் ஒருதலை முறைப்பாகப் போய்விட்டது. “அப்ப நான் உமக்கு யாரு?” என்று கேட்டார். குரல் நகைக்கடன் கேட்டு வருகிறவர்களின் குரல் போல இருந்தது.

 பில் மெஷினின் பச்சை விளக்கு மங்கத் தொடங்கியது. “அண்ணாச்சி, இளகுது,” என்றாள் மரிய செல்வி.

“இவருக்கு நாப்பத்தஞ்சுதான்,” என்றார் அணைந்தபெருமாள். “இவரால தூக்க முடியலன்னா நான் தூக்குறேன்.”

“உம்ம இடுப்புலதான் அம்பது இருக்கே.”

“அம்பத எந்த மனுசன்வே தூக்குவான்? அத மரம்லா தூக்குது. என் இடுப்பு சும்மாத்தான் கெடக்கு. கேட்டு வந்தவனுக்கெல்லாம் இல்லன்னுட்டேன். உமக்குன்னுதான் வச்சிருக்கேன், போதும்லா?”

விளக்கு எரிந்தது. மெஷின் சீராக ஓடி பில்லைத் துப்பியது. அணைந்தபெருமாள் நாற்பத்தைந்தைச் செருகிக்கொண்டு கடையைச் சுற்றி வந்தார். ஆடு அவரை மேலும் கீழும் பார்த்தது, புடைப்பு ஒன்றும் தெரியாமல் பலா இலையைத் தின்னப் போய்விட்டது. மரிய செல்வி தாம்பூலத் தட்டை எடுத்து வந்தாள். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

துப்பாக்கி உரிமையாளரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே மறுநாள் காலை அணைந்தபெருமாள் வந்தார். முறைப்படி தாணுமாலயனின் ரோஜாத் தொட்டியைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டு, “கெளம்பும்,” என்றார். தாணுமாலயன் முதன்முறையாக அவரை வெகு அருகிலிருந்து முறைத்தார். கண்ணுக்கு இதமாக இருந்தது. வங்கியை நோக்கி நடந்தார்கள்.

ரேஷன் கடையருகே வாதாம் மரம் காத்திருந்தது. பட்டைக்குள் ஐம்பது இருப்பது தெரியவே இல்லை. அது அணைந்தபெருமாளுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. மரத்தின் துப்பாக்கியைச் சிறகுக்குள் வைத்திருந்த அதன் பகையாளிக் காகம் இடப்பக்கம் சாய்ந்தபடி மேலே பறந்து வந்தது. ஆற்றுப் பாலம் குறுகலானது என்பதால் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். அவர்கள் கடந்து முடித்ததும், காகத்தின் துப்பாக்கியைச் சரிபார்த்துச் செருகிக்கொண்டு பாலமும் எழுந்து பின்னால் நடந்தது.