அடிஷனல் பேப்பர் வேண்டாம்

மார்ச் மாதம் பிளஸ் டூ வணிகவியல் பரீட்சை முடிந்து முனீஸ்வரி சின்னாளப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், அவள் அப்பா இருளப்பன் கேட்ட முதல் கேள்வி, "எத்தன பேப்பர் வாங்குன தாயி?" என்பதுதான்.

"பதினொண்ணு" என்றாள்.

அன்று மாலைக்குள் நெசவாளர் தெரு முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது. இருளப்பன் டீக்கடையில் சொன்னார், சாயப்பட்டறையில் சொன்னார், கேட்காதவர்களைக் கூப்பிட்டு நிறுத்தியும் சொன்னார். பதினோரு அடிஷனல் பேப்பர் வாங்கி எழுதிய பிள்ளை பெயிலாகும் என்று அந்தத் தெருவில் யாருக்குத்தான் தோன்றும்? சேலை ஒரு சாண் குறைந்தால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் திருப்பி அனுப்புவார்கள். ஒரு சாண் கூடிப்போனதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

ரிசல்ட் வந்தது. மற்ற பாடமெல்லாம் பாஸ். வணிகவியலில் இருநூற்றுக்கு அறுபத்தொன்று. எழுபது எடுத்திருக்க வேண்டும்.

அதன்பிறகு தெருவில் அவளுக்குப் 'பதினோரு பேப்பர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயில் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் குடத்தை முனீஸ்வரி காலால் ஒரு தள்ளு தள்ளியதில் அது சாக்கடை வரை உருண்டது. கோபம் வந்தால் முனீஸ்வரிக்குக் கால் சும்மா இருக்காது.

நடந்தது இதுதான். 'கூட்டாண்மை என்றால் என்ன?' என்பது நான்கு மார்க் கேள்வி. அதற்கு அவள் பண்டமாற்றுக் காலத்திலிருந்து ஆரம்பித்து ஐந்து பக்கம் எழுதினாள். அடுத்த கேள்விக்கு நான்கு பக்கம். கடைசியில் இருந்த இருபது மார்க் கட்டுரைகளுக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. அத்தனையும் தெரிந்த பதில்கள்தான். ஒரு வரி கூட எழுதவில்லை.

இருளப்பன் திட்டவில்லை. வீட்டின் பின்கட்டில் இரண்டாவது தறிக்குக் கால் வைக்கும் குழி வெட்டி, மேலே பலகை போட்டு மூடி வைத்தார்.

"அக்டோபர்ல எழுது. தேறிட்டா உன் இஷ்டம். தேறலைன்னா தறியில உக்காந்துரு. சும்மா இருக்க முடியாதுல்ல."

முனீஸ்வரிக்குத் தேற வேண்டும். ஜனவரியில் கூட்டுறவுச் சங்க வேலைக்கான பயிற்சி வகுப்பு தொடங்குகிறது. பிளஸ் டூ பாஸ் செய்திருந்தால்தான் சேர்ப்பார்கள். நெய்த சேலையை எடுத்துப்போய்ச் சங்க மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெண்ணாகவே அவள் இருந்துவிடப் பிரியப்படவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். தினமும் அந்தப் பலகையை மிதிக்காமல் தாண்டித்தான் கொல்லைக்குப் போனாள்.

சாயங்காலம் திண்டுக்கல்லில் ஒரு டுடோரியலுக்குப் போனாள். அங்கே ராயப்பராஜ் சார் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார்: "திருத்துறவனுக்குப் படிக்க ஏது நேரம்? பேப்பர்க் கட்டைத் தூக்கிப் பாப்பான். கனமா இருந்தா மார்க்கு. எழுதுங்க, நிறுத்தாம எழுதுங்க." முனீஸ்வரிக்கு அது தேனாக இனித்தது. அப்படியானால் கை வேகம்தான் போதவில்லை. வேகத்தைக் கூட்டினால் தீர்ந்தது.

பக்கத்து இடம் பேகம்பூர் குர்ஷித் பேகத்துடையது. கணக்குப்பதிவியலில் கோட்டை விட்டு வந்தவள். வணிகவியலில் மட்டும் நூற்று நாற்பதுக்கு மேல். எத்தனை அடிஷனல் பேப்பர் என்று கேட்டதற்கு, "ஒண்ணு. அதுலயும் பாதி சும்மாதான் கெடந்துச்சு" என்றாள். முனீஸ்வரி நம்பவில்லை. திருத்தினவர் அசந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மாதிரித் தேர்வு. முனீஸ்வரியின் விடைத்தாளை குர்ஷித் வாங்கிப் புரட்டினாள்.

"ஏன்டி, கேட்டது கூட்டாண்மைக்கு விளக்கம். நீ என்ன, ஆதாம் ஏவாள்ல இருந்து வார?"

"தெரிஞ்சத எழுதாம வந்தா அது ஏமாத்து வேலை."

"நாலு மார்க்குக்கு அம்புட்டும் எழுதிட்டு இருபது மார்க்க வெறுங்கையா விட்டுட்டு வாரியே, அது என்ன வேலை?"

முனீஸ்வரி தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரம் இருவரும் பேசவில்லை.

செப்டம்பரில் அம்மாவுக்கு முதுகுவலி. அவளுக்குப் பதிலாகத் தறியில் முனீஸ்வரி உட்கார்ந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைப் பாவு என்பார்கள். ஒரு பாவில் நான்கு சேலை. ஒவ்வொரு சேலையும் முடிகிற இடத்தில் பாவின் மேல் நீலத்தால் ஒரு கோடு போட்டிருக்கும். கோடு வந்ததும் நிறுத்தி, இடைவெளி விட்டு, அடுத்த சேலையைத் தொடங்க வேண்டும். முனீஸ்வரி குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை வீசியபடியே கூட்டாண்மையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். முதல் சேலையின் நீலக்கோடு அவள் கண் முன்னாலேயே நெய்துபோய்த் துணியோடு சுருண்டுவிட்டது. வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தாள். அதனால் என்ன, கூடத்தானே போயிருக்கிறது என்று, அடுத்த இரண்டையும் கோட்டைப் பார்க்காமல் முழம் போட்டு முழு நீளத்துக்கு நெய்தாள்.

பாவு முடிந்தபோது நான்காவது சேலை ஒன்றரை முழம் குறைந்தது. சங்கத்தில் விரித்துப் பார்த்துவிட்டு மடிக்காமலே திருப்பித் தந்தார்கள். இருளப்பன் அந்தச் சேலையைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். அவர் குரல் உயர்வது அபூர்வம். அன்று உயர்ந்தது.

"மொதச் சேலைக்காரி உங்கிட்ட கூடக் கேட்டாளா? கேக்காதவளுக்கு அள்ளிக் குடுத்துட்டு, கடைசிக்காரிய முந்தானைக்கு நீளம் இல்லாம நிக்க விட்டுட்டியே. இருக்கறது ஒரு பாவுதான?"

முனீஸ்வரி குறைச்சேலையைக் கையில் எடுத்து விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். மூன்று மணி நேரமும் ஒரு பாவுதான். நான்கு மார்க் கேள்விக்கு வாரிக் கொடுத்த நூலெல்லாம் இருபது மார்க் கேள்வியுடையது. குர்ஷித் சொன்னதும் இதைத்தான். சொன்ன விதம் எரிச்சலாக இருந்ததால் காதில் ஏறவில்லை.

மறுநாள் டுடோரியலில் குர்ஷித் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எங்க நிறுத்தணும்னு உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. குர்ஷித்தும் எதிர்பார்க்கவில்லை.

"கேள்வியத் திரும்பப் படிப்பேன். கேட்டது வந்துருச்சுன்னா பேனாவ எடுத்துருவேன். அம்புட்டுதான்."

முனீஸ்வரிக்கு அது போதாது. அவளுக்குக் கண்ணால் பார்க்க ஒரு கோடு வேண்டும். ஆகவே எழுதத் தொடங்கும் முன்பே பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டாள். நான்கு மார்க்குக்கு ஏழெட்டு வரி தள்ளி ஒரு கோடு. பத்து மார்க்குக்கு ஒன்றரைப் பக்கத்தில். இருபது மார்க்குக்கு மூன்றரைப் பக்கத்தில். கோட்டைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

சொல்வது சுலபம். கை கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு வரி, அடுத்து ஒரு 'மேலும்', அதன் வாலைப் பிடித்து ஒரு 'எனவே'. தாண்டிய வரிகளை அவளே அடித்தாள். அடிக்கும்போது தன் சதையைக் கிள்ளுவதுபோல வலித்தது. ஒருநாள் அழுதுவிட்டாள். அழுதபடியே அடுத்த கேள்விக்குக் கோடு போட்டாள். ராயப்பராஜ் சார் பார்த்துவிட்டு, "என்னம்மா, கட்டு மெலிஞ்சுபோச்சு?" என்றார். "மெலியட்டும் சார்" என்றாள்.

அக்டோபர் பரீட்சையில் முதல் பகுதியிலேயே அந்தக் கேள்வி இருந்தது. 'கூட்டுறவுச் சங்கம் — சிறு குறிப்பு வரைக. 4 மதிப்பெண்.'

கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி அவளை விட யாருக்குத் தெரியும்? பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். நூல் வாங்க நின்ற வரிசை, திரும்பி வந்த சேலை, தேர்தலில் நடந்த கூத்து என்று நாற்பது பக்கம் எழுதலாம். பென்சில் கோட்டைப் போட்டாள். விளக்கம் எழுதினாள், நோக்கம் எழுதினாள், உறுப்பினர் உரிமை எழுதினாள். கோடு வந்துவிட்டது. பேனா தாளின் மேலேயே நின்றது. அவள் முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த கேள்வி எண்ணை எழுதினாள்.

அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. பக்கத்துப் பெஞ்சுகளில் ஒவ்வொருவராக எழுந்து பேப்பர் கேட்டார்கள். மேற்பார்வையாளர் இவளிடம் வந்து, "அடிஷனல் வேணுமாம்மா?" என்றார்.

"இப்ப வேண்டாம் சார்."

கடைசிக் கட்டுரைக்காக மட்டும் ஒரே ஒரு தாள் வாங்கினாள். மணி அடித்தபோது இருபது மார்க் கேள்வி எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. விடைத்தாள்களைச் சேர்த்துக் கட்டக் கொடுத்த நூலில் பெரும்பகுதி மிச்சம்.

வீட்டில் இருளப்பன் கேட்டார்: "எத்தன பேப்பர்?"

"ஒண்ணு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தறி இறக்க ஆள் சொல்லக் கிளம்பினார். மறுநாள் காலையில் ஆள் வந்து பலகையை எடுத்துவிட்டுக் குழியில் தறியை இறக்கினான். முனீஸ்வரி ஓரமாக நின்று பார்த்தாள். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பதினோரு பேப்பருக்குப் பெயிலானவள் ஒரு பேப்பருக்கு எப்படிப் பாஸாவாள் என்றுதான் அவர் நினைப்பார். ரிசல்ட் சொல்லட்டும் என்று தறியில் உட்கார்ந்தாள். ஒரு பாவு நெய்து முடித்தாள். இரண்டாவது பாவு ஏற்றினார்கள்.

டிசம்பரில் ரிசல்ட் வந்தது. மார்க் பட்டியலைக் குர்ஷித்தோடு போய் வாங்கினாள். குர்ஷித்தும் தேறிவிட்டாள். முனீஸ்வரிக்கு வணிகவியலில் நூற்று முப்பத்தாறு. இருளப்பன் பட்டியலை வாங்கி, பின்பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பேப்பருக்கா இம்புட்டு?"

"ஆமா."

அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார். சந்தோஷம்தான். ஆனால் பின்கட்டில் பாதிப் பாவு ஓடாமல் நிற்கிறதே.

"வகுப்புக்கு இன்னும் நாள் கெடக்கில்ல? இந்தப் பாவ முழுசா முடிச்சுட்டுப் போயிரு தாயி. முடியப்போறது ஒண்ணு, அடுத்தது ஒண்ணு, ரெண்டு சேலைதான். அப்புறம் உன் இஷ்டம்."

அந்த இரண்டு சேலைக்குப் பிறகு பொங்கலுக்கு நெய்ய வேண்டிய உருப்படி வரும், அதன் பிறகு மாசித் திருவிழா வரும். முனீஸ்வரி இந்தத் தெருவில் பிறந்தவள். உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தாள். இருளப்பன் நிம்மதியாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். நாடா ஓடும் சத்தம் மாலை வரை கேட்டது.

பிறகு நின்றது. அவர் எட்டிப் பார்த்தார். நீலக்கோடு வந்திருந்தது. முனீஸ்வரி கடைசி இழையை அடித்து இறுக்கிவிட்டுக் குழியிலிருந்து காலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா எந்திரிச்சுட்ட? இன்னொண்ணு கெடக்குல்ல?"

"இந்தச் சேலை முடிஞ்சுருச்சுப்பா. அடுத்ததுக்கு வேற ஆளு பாருங்க" என்று சொல்லிவிட்டு, பயிற்சி வகுப்புக்கு விண்ணப்பம் வாங்க மறுநாள் காலை எந்த பஸ்ஸில் போவது என்று குர்ஷித்தைக் கேட்கப் புறப்பட்டாள்.