ஒரே வாசல் உள்ள கோயில்

அம்மாவுக்கு அன்றைக்கு ஆபரேஷன் என்பதை நான் சுமைதாங்கியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். எங்களைக் கூட்டிவந்த மேடத்திடம் சொன்னால் என்னை விடுதி அறையிலேயே உட்கார வைத்துவிடுவார். மற்றவர்களிடம் சொன்னால் பஸ் முழுக்க என்னைப் பார்த்து உச்சுக்கொட்டும். இரண்டும் எனக்கு ஆகாது.

நாங்கள் கட்டடக் கலை மாணவர்கள். கடல் கடந்து அந்த ஊருக்கு வந்தது பழைய கோயில்களைப் பார்க்க என்று மேடம் சொல்லுவார். எங்களைக் கேட்டால் சாப்பிட என்போம். சுமைதாங்கி எங்கள் வகுப்புதான். எல்லோருடைய பையும் அவன் தோளில் தொங்குவதால் அந்தப் பெயர். எந்தக் கோயிலுக்கும் அவன் உள்ளே வரமாட்டான்.

"சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கிறேன்" என்பான்.

காலையில் அப்பா கூப்பிட்டார். "மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போவாங்களாம். அதுக்கு முன்னாடி உன்கூட ஒரு வார்த்தை பேசணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. போன கையிலயே வச்சுக்க."

கையிலேயேதான் வைத்திருந்தேன், அந்தப் பெரிய கோயிலின் வாசல் வரைக்கும். உள்ளே செருப்பும் ஆகாது, போனும் ஆகாது. எல்லோரும் போனைச் சுமைதாங்கியின் பையில் போட்டார்கள். நானும் போட்டேன்.

"அரைமணி நேரந்தான்டா. ஒரே வாசல். போன வழியே திரும்பி வந்துருவோம்" என்றேன்.

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கோயிலின் வரைபடத்தைப் புத்தகத்தைப் பார்த்து வகுப்பில் வரைந்தவனே நான்தான். ஒவ்வொரு சுவரும் எனக்கு அத்துப்படி. புத்தகம் அச்சான பிறகு யாராவது சுவரை இடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே நுழைந்ததுமே இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். கூட்டம் ஒரே திசையில் ஊர்ந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகப் பார்த்தேன். பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ஊரே நின்றது. காவலாளியிடம் வாசல் பக்கம் கையைக் காட்டிக் கெஞ்சினேன். அந்த ஊர் மொழியில் எனக்குத் தெரிந்தது நன்றி என்ற ஒரு சொல்தான். அதையும் சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் மலர்ந்து, என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

கடைசியில் பின்சுவரை உடைத்து வைத்திருந்த ஒரு சுழல் கதவு எங்களைத் தெருவில் துப்பியது. அந்தக் கதவு வெளிப்பக்கம்தான் சுற்றும், உள்பக்கம் சுற்றாது. நான் வரையாத தெரு. கால் வைக்க முடியாமல் கொதித்தது.

மேடம் நிம்மதியாகச் சொன்னார். "நாம சாப்பிடப் போற கடை இந்தத் தெருவுலதான் இருக்கு. சாப்பிட்டுட்டு எல்லாரும் சேந்தே வாசலுக்குப் போகலாம்."

"மேடம், எங்கம்மாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன். போன் பைக்குள்ள இருக்கு."

அவர் முகம் செத்துப்போனது. "இத ஏன்ப்பா காலையிலயே சொல்லல?" அவருடைய போனும் அந்தப் பையில்தான் இருந்தது.

கடை வாசலில் நின்ற கடைக்காரருக்கு எங்கள் பேச்சு புரியாவிட்டாலும் என் முகம் புரிந்திருக்க வேண்டும். தன் போனை எடுத்து நீட்டினார். வாங்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். என் போனில் அப்பா என்று பெயரைத் தொட்டுத்தான் பழக்கம். எண் எனக்குத் தெரியாது. பெற்ற அப்பாவின் எண்! என் போனையே கூப்பிடலாமென்றால், இந்த ஊரில் வாங்கிய சிம்மின் எண்ணும் மனப்பாடம் ஆகவில்லை. உள்ளே மேசை நிறைய சோறும் சூப்பும் வறுத்த மீனும் ஆவி பறக்கக் காத்திருந்தன. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மதில் முடியவே இல்லை. ஒரு பக்கம் குழி தோண்டி வழியை மறித்திருந்தார்கள். சாக்கடைப் பாலம் சுற்றி, சந்து சந்தாக நுழைந்து, வெந்துபோன காலோடு முன்வாசலுக்கு வந்தபோது சுமைதாங்கி செருப்புக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் என் போன்.

"அடிச்சுக்கிட்டே இருந்துச்சுடா. அப்பான்னு வந்துச்சு, எடுத்துட்டேன். எடுத்தா அம்மா. டாக்டர் சீக்கிரமே வந்துட்டாராம், உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம்."

"நான் இல்லன்னு சொன்னியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்ததுமே 'கண்ணு, பயமா இருக்குடா'ன்னாங்க. நான் உங்க பையன் இல்லன்னு எப்பிடிடா சொல்றது? வாயே வரல. ஒண்ணும் ஆகாதும்மான்னேன். கோயிலுக்குப் போனியான்னாங்க. கோயில்லதான் இருக்கேன், உனக்காகத்தான் கும்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவன் தோளில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. கோயிலுக்குள் இருந்தவன் நான். ஒருமுறைகூட நான் கை கூப்பவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். "இன்னும் ஒண்ணும் தெரியலப்பா, நேரமாகும்னாங்க" என்றார். "உன்கூடப் பேசுன பிறகுதான் அவ மொகத்துல சிரிப்பே வந்துச்சு. நல்லவேளை, நீ எடுத்த."

"சரிப்பா" என்றேன்.

சுமைதாங்கி செருப்புகளை ஒரு பையில் திணித்தான். "சாப்பிட்டியான்னும் கேட்டாங்க. இப்ப சாப்பிடப் போறேன்னு சொல்லியிருக்கேன். வா."

கடையில் மேடம் எங்கள் இருவருக்கும் தட்டு எடுத்து வைத்திருந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் வைத்தேன். போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை.

"அம்மா பேசினத மறுபடி சொல்லு" என்றேன். "முதல்லருந்து, அவங்க சொன்ன மாதிரியே."

அவன் சொன்னான். கண்ணு என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"'என்னால போன வைக்க முடியலடா, நீயே வச்சுரு'ன்னாங்க." அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நான் வைக்கலடா. அவங்க கையிலருந்து யாரோ போன வாங்குற வரைக்கும் அம்மா அம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."