மூப்பரின் கம்பளி உள்ளாடை

எங்கள் லூயிஸ் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை மூப்பர் மர்டோவின் கம்பளி உள்ளாடை ஆலயக் கூம்புக்கு மேலே பறந்தது. அதைக் கண்டு ஏழு செம்மறியாடுகள் மனந்திரும்பின. நம்பாதவர்கள் ஆடுகளையே கேட்டுக்கொள்ளலாம். நம்ப மறுத்தவர் ஊரில் ஒருவர்தான்: மர்டோ.

தொடக்கம் எஃபியின் அடுப்படியில். அது ஒரு திங்கள் காலை. மர்டோ தொப்பியைக் கழற்றாமலே நின்றார்.

"நேத்து உன் கொடியில துணி கெடந்துச்சு."

"பிள்ளைக்கு அம்மை, மூப்பரே. விடிய விடிய வாந்தி. இருக்கிறதே ரெண்டு விரிப்பு."

"ஓய்வுநாள் ஓய்வுநாள்தான். இது சபை வீடு. அடுத்த திங்கக்கெழம மூப்பருங்க கூடுறோம். அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் சேவலையும் கூடை கவிழ்த்து மூடிவிடுவார்கள். துணி எம்மாத்திரம்.

எஃபி, குடித்துவிட்டு அடித்த கணவனைக் கிளாஸ்கோவிலேயே விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்தவள். அவன் கடலில் மூழ்கிப்போயிருந்தால் விதவைக்கென்று ஊரே மீன் சுமந்து வந்திருக்கும். அவன் உயிரோடிருந்தது அவள் குற்றமாயிற்று. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துத் தாய்மார் மட்டும் கட்டில், வாணலி, முட்டையிடாத கோழி ஒன்று என்று கொண்டுவந்து அந்த வீட்டை வீடாக்கினார்கள். அவர்களில் மோராக் தன் தறியை வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். வீடு போனால் தறியும் போகும். மறுபடி அந்தக் கணவன்தான்.

அந்தப் புதன்கிழமை ஜெபம் நீண்டது. கடைசியில் எழுந்தவள் ஜெசி. ஐந்து பெற்றவள், மர்டோவின் மனைவி.

"நம்ம பிள்ளைங்களுந்தானடி வாந்தி எடுத்துச்சு," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிறு விடியுமுன் மர்டோ ஆலயத்தைத் திறக்கப் போய்விட்டார். ஆராதனை முடிந்து திரும்பினால் முப்பத்தொரு வீட்டுக் கொடியிலும் துணி. பாய் விரித்த கப்பல்போல் தீவே மேற்கே அரை மைல் நகர்ந்தது. மர்டோவின் கொடியில் அவருடைய உள்ளாடை.

"எடுடி அத."

"எடுக்கிறதும் வேலைதானேங்க," என்றாள் ஜெசி, கையில் வேதாகமத்தோடு. "வேணும்னா நீங்க எடுங்க. ஊரு பாக்குது."

அவர் எடுக்கவில்லை. மதியம் காற்று எடுத்தது. ஆலயத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வாசல் கம்பியில் தொங்கியது. ஓய்வுநாளில் யார் கை வைப்பது? மாலை ஆராதனைக்கு வந்தவர்கள் அதற்கு வழிவிட்டு, மரியாதையாக ஒதுங்கி உள்ளே போனார்கள்.

திங்கட்கிழமை மூப்பர்கள் கூடினார்கள். கதவோரம் எஃபி, மூட்டையோடு. அவள் பின்னால் முப்பது தாய்மார். மர்டோ வெளியேற்றும் தீர்மானத்தை வாசித்தார். அப்படியானால் நேற்று உங்கள் வீட்டுக் கொடியில் கிடந்தது என்ன என்று போதகர் விசாரித்தார்.

"எங்க வீட்டுக் கொடியிலயா? ஒண்ணுமில்ல, போதகரே. பொம்பளைங்க கட்டிவிட்ட கதை."

போதகர் மேசை இழுப்பறையைத் திறந்து, வாசல் கம்பியிலிருந்து காலையில் எடுத்ததை விரித்து வைத்தார். இடுப்புப் பட்டையில் சிவப்பு நூலில் மர்டோவின் பெயர், ஜெசியின் தையல்.

"நீங்க இருக்கிறதும் சபை வீடுதானே, மர்டோ. ரெண்டு வீட்டுக்கும் சேத்தே எழுதிரட்டுமா?"

மர்டோ அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தார். பிறகு தீர்மானத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னோடதுதான்," என்றார். "ஞாயித்துக்கெழமதான் காஞ்சுது."