கையை எடுத்தால் படம் போய்விடும்

தகரம் சுட்டது, ஆனாலும் அமலோற்பவம் கையை எடுக்கவில்லை, மொட்டைமாடியில் டிஷ்ஷின் பின்னால் கடலைப் பார்த்து நின்றபடி, போன வாரக் காற்று திருப்பிப்போட்ட அந்தத் தட்டை ஒரு மயிரிழை கிழக்கே நகர்த்தினாள், நகர்த்திவிட்டுக் காத்திருந்தாள், ஏனென்றால் கீழே இருக்கும் பெட்டி உடனே சொல்லாது, யோசித்துத்தான் சொல்லும், இப்ப எப்படி இருக்கு என்று கத்தினாள், ஸ்ட்ரென்த்து இருக்கு, குவாலிட்டி சைபர் என்றது புருஷன் மிக்கேலின் குரல், வேண்டாவெறுப்பாகத்தான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் கோடு ஏறுதா இறங்குதான்னு மட்டும் சொல்லுவேன், படம் பாக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார், படத்தில் வரப்போவது அவர்கள் மகள் பிரின்சிட்டா, வடக்கே ஏதோ ஊரில் மாநிலத்துக்காகக் கபடி இறுதி ஆட்டம் ஆடப்போகிறாள், நிச்சயம் செய்த கல்யாணத்தை வேண்டாம் என்றுவிட்டு விளையாட்டு விடுதிக்குப் போனவள், போன நாளிலிருந்து அவள் பெயரை அவர் வாயில் எடுத்ததில்லை, செல்போனில் பார்க்கலாமென்றால் இந்தக் கரையில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும், பக்கத்து வீட்டுக்குப் போகலாமென்றால், தகப்பன் வீட்டுல பிள்ளைக்கு இடமில்லையா என்று ஊர் கேட்கும்.

இன்னும் கொஞ்சம், நீலமாக விரிந்த ஆகாயத்தில் ஒரு பறவைகூட இல்லை, அங்கேதான் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் அந்த சாட்டிலைட் நிற்கிறதாம், எங்கோ ஆடுகிற பிள்ளை அவ்வளவு உயரம் ஏறிப்போய், திரும்ப இறங்கி, உப்புக்காற்று தின்ற இந்தத் தட்டைத் தேடி வரவேண்டும், வருவாளா, சின்னவளாக இருக்கையில் அலை வாங்கும் இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தை இழுத்தவள், விடுட்டி கை அறுத்துப்போடும் என்று இவள் கத்தக் கத்த விடாமல் நின்றவள், உள்ளங்கையெல்லாம் சிவந்து சிரித்துக்கொண்டே வருகிறாள், ஈரப்பாவாடை காலில் ஒட்ட வருகிறாள், கையில் பையோடு பஸ்ஸில் ஏறுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், ஏறுது, ஏறுது, அப்படியே நில்லு என்று கீழேயிருந்து சத்தம் வந்தது, கூடவே கூட்டத்தின் இரைச்சலும் விசிலும்.

ஸ்பேனரால் போல்ட்டை முறுக்கினாள், மரை துருவில் தேய்ந்து சும்மா சுற்றியது, வலைக்கயிற்றால் கட்டினாள், கயிறு இறுகியதும் தட்டு சாய்ந்து, போச்சு என்றார் மிக்கேல், அவிழ்த்துவிட்டுக் கையால் பிடித்தாள், வந்துட்டு என்றார், கையை எடுத்தாள், போச்சு, பிடித்தாள், வந்துட்டு, அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, பிடித்துக்கொண்டே நின்றால்தான் படம், நின்றால் அவள் பார்க்க முடியாது. என்னங்க, நான் விட்டா போயிரும், என்ன நடக்குன்னு நீங்களாவது சொல்லுங்க என்றாள். அழுகை வந்தது, கண்ணைத் துடைக்கவும் கையில்லை.

நாலாம் நம்பர் ஓரத்துல நிக்கா என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. மஞ்சச் சட்டைக்காரி கபடி பாடி வாரா. தொட வாரா. நாலாம் நம்பர் குனிஞ்சிட்டா. கணுக்காலப் பிடிச்சிட்டா. அவர் சொல்லச் சொல்ல அமலோற்பவத்தின் விரல்கள் தகரத்தை இறுக்கின, தகரம் இலேசாக அதிர்வதுபோல இருந்தது, அது காற்றா, தன் நாடியா, அந்த மைதானத்தின் சத்தமா என்று தெரியவில்லை, மகள் தன் கைவழியாகத்தான் வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது, கோயிலில் சாமியார் நற்கருணையை உயர்த்திப் பிடிக்கும்போது மூச்சு நின்றுபோகுமே, அப்படி. இழுக்கா, இழுக்கா, கோட்டுக்கிட்ட போயிட்டா, விடாத பிரின்சி, விடாத மக்ளே என்று மிக்கேல் கத்தினார், அதற்குப்பிறகு நாலாம் நம்பர் என்ற பேச்சே இல்லை.

இடைவேளையில் மாடிப்படியில் காலடி கேட்டது. மிக்கேல் வந்து எதிரில் நின்றார், கண் சிவந்திருந்தது, அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். நீ போய்ப் பாரு, நான் பிடிச்சுக்கிடுதேன். பதமாப் பிடிக்கணும், அசைக்கக் கூடாது என்றாள். ஆயுசுக்கும் கடல்ல கயிறு பிடிச்சவன்ட்ட சொல்லுதியா என்று அவள் கைமேல் தன் கையை வைத்தார், அவள் மெல்ல உருவிக்கொண்டாள், மேகமில்லாத ஆகாயம் இருவர் தலைக்கும் மேலே அப்படியே இருந்தது.

கீழே ஓடிவந்தவள் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தாள், மகள் கறுத்திருந்தாள், தோள் அகன்றிருந்தது, முழங்காலில் கட்டு, இவ்வளவு பெரியவளாக எப்போது ஆனாள், என்னட்டி வாய மூடிட்டு இருக்க, சொல்லு என்று மேலேயிருந்து சத்தம் வர, சொல்லத் தொடங்கினாள், பிடிச்சா, விட்டுட்டா, விழுந்துட்டா, எந்திச்சிட்டா, கடைசியில் மஞ்சச் சட்டைக்காரிகள்தான் குதித்தார்கள், ஒரு புள்ளியில தோத்துட்டாங்க என்றாள். பிரின்சிட்டா அழவில்லை, இடுப்பில் கைவைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் முடிஞ்சிட்டு, வெயில்ல நிக்காதீங்க, விட்டுட்டு இறங்குங்க என்றாள் அமலோற்பவம்.

பிள்ள இன்னும் தெரியுதாளா?

ஆமா, தெரியுதா.

பிறகு எப்படி விட என்றார் மிக்கேல்.