லோடு என்று காதில் விழுந்தது

என் புருஷன் துளசிராமன் தாலி கட்டியது எனக்கா, லோடுக்கா என்று எனக்குப் பெரிய சந்தேகம். பழவேற்காட்டில் கிளிஞ்சல் கிடங்கு மேஸ்திரி அவர். ஏரியில் அள்ளிய கிளிஞ்சல் படகில் வந்து இறங்கும். சுண்ணாம்புக் காளவாய்க்காக அதைப் பட்டணம் போகும் பெரிய படகில் ஏற்றிவிட வேண்டும். வாயில் சோறு இருந்தாலும் சரி, தெருவில் ஒருத்தன் "மேஸ்திரி, லோடு!" என்று கத்தினால் போதும், தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவார்.

அது ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கத்திரி வெயில். எட்டு மாதக் குழந்தை செங்கமலத்துக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரி பகல் ஓயாத அழுகை. ஆனால் அண்டாத் தண்ணீரில் உட்கார வைத்தால் போதும், பொக்கை வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்பு!

"ஞாயித்துக்கெழம ஏரிக்கு இட்டுனு போலாம் மே. நான் புடிச்சிக்கிறேன், நீ பக்கத்துல நில்லு. கொய்ந்தய நீஞ்ச உடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரும், லோடும் வரும். மனுஷன் போய்விடுவார்.

அன்றைக்கும் அதே கதைதான். உப்புத் தண்ணீர் வேர்க்குருவில் எரியுமே என்று குழந்தைக்குத் தலையிலிருந்து கால்வரை தேங்காய் எண்ணெய் தடவி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். தெருவில் அந்தக் குரல். "தோ, வந்துட்றேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நான் கடம்பத்தூர்க்காரி. கூவத்தில் வெள்ளம் புரண்டபோதே அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பியவள். இடுப்பளவு ஏரித் தண்ணீருக்கு எனக்கு ஆம்பளைத் துணையா?

"வாடி என் ராசாத்தி. உங்கப்பன் லோடயே கட்டிக்கினு அழுவட்டும்" என்று தனியாகக் கிளம்பினேன்.

ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. தூரத்தில் பாய் கட்டிய படகு ஒன்று. கொஞ்சம் தள்ளி ஒரு பெண்பிள்ளை தலை மட்டும் வெளியே தெரியத் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்று. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். குழந்தையின் வயிற்றுக்கடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து மிதக்கவிட்டேன். அம்மாடி, அந்தக் காலும் கையும் அடித்த அடியைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் என் முகமெல்லாம் தெறித்தது. "இன்னாடி, பட்டணம் வரிக்கும் நீஞ்சிப் பூடுவியா?" என்று கொஞ்சிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தேன். அவள் என்னைப் பார்த்து நீந்தி வந்தாள். இதைப் பார்க்கக் கொடுத்துவைக்காத மனுஷனை நினைத்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண்பிள்ளை பறியைக் கடித்த வாயோடு கத்தினாள்.

"அம்மா! லோது! லோது!"

என் காதில் விழுந்தது லோடு. திரும்பிப் பார்த்தேன். பாய்ப் படகு கிட்டே வந்துகொண்டிருந்தது. இங்கேயும் வந்துவிட்டதா இந்தச் சனியன்? எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "உன் லோடுக்கு நான் வழி உடணுமா? வுட்றேன், போ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெடுக்கென்று இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

இரண்டாவது அடிக்குத் தரை இல்லை.

தலைக்கு மேல் தண்ணீர். மூக்கிலும் வாயிலும் உப்பு. கையில் குழந்தை இருந்தது, இறுக்கினேன். இறுக்கியதும் எண்ணெய் வழுக்கியது. சோப்புக் கட்டி நழுவுகிற மாதிரி என் குழந்தை என் கையிலிருந்து போய்விட்டாள்.

மேலே வந்தேன். ஏரி முன்போலவே கண்ணாடியாகக் கிடந்தது. குழந்தை இல்லை. ஐயோ, இப்போதுதானே இருந்தாள்! முங்கித் துழாவினேன், சேறுதான் வந்தது. வெள்ளத்தில் நீந்தியவளுக்குக் கைகால் எப்படி அசைப்பது என்று மறந்துபோயிற்று.

பக்கத்தில் அந்த ஓலைப் பறி கவிழ்ந்து மிதந்தது. அதிலிருந்து இறால்கள் துள்ளித் துள்ளித் தப்பிக்கொண்டிருந்தன. அவளையும் காணவில்லை.

பிறகு தண்ணீர் பிளந்தது. அவள் தலை வந்தது. இரண்டு கையும் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தன. பல்லில் என் குழந்தையின் அரைஞாண் கயிறு. அதில் செங்கமலம் தலையும் காலும் தொங்க ஆடிக்கொண்டிருந்தாள்.

உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டு எப்படிக் கரைக்கு வந்தேனோ, எனக்குத் தெரியாது. அவள் குழந்தையைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். தண்ணீர் வந்தது. இருமல் வந்தது. அப்புறம் ஊரே கேட்கிற அழுகை.

யாரோ சொல்லித் துளசிராமன் தலைதெறிக்க ஓடி வந்தார். அந்தப் பெண்பிள்ளை, ரவணம்மாவாம் பேர், அவரிடம் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். "லோது, லோது" என்பது மட்டும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"லோடு வருதுன்னு அவ சொல்லிக்கினே இருந்தா. நான்தான்..." என்றேன்.

அவர் என்னை அப்படியே பார்த்தார். "லோடு இல்ல மே, லோது. தெலுங்குல ஆழம்னு அர்த்தம். படவு போறதுக்காவ அங்க பள்ளம் தோண்டிக்கீது. அங்க போவாதன்னு கத்தியிருக்குது."

நான் ரவணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் மற்றக் கையால் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, காலிப் பறியை எடுத்து மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

சாயங்காலம் குழந்தை மடியில் தூங்கியது. அரைஞாணில் பல் பதிந்த இடம் நைந்திருந்தது. "புதுக் கவுறு மாத்திட்லாமா?" என்று அவர் கை நீட்டினார்.

"தொட்டியானா கைய ஒடச்சிடுவேன்" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அப்போது தெருவில் ஒருத்தன் கத்தினான்: "மேஸ்திரி! லோடு!"

நான் எங்கள் வீட்டுச் சாணித் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் என் கால் இரண்டும் துழாவித் துழாவித் தரையைத் தேடின.