கையில் சுற்றிய விசிறி

லிப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பொல்லாத பழக்கம். யாரோ பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், முதல் ஆளாகப் போய் நிற்பான். அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பு வைக்கக்கூட இடம் கிடையாது. வீட்டிலிருந்தே செய்யும் டைப்பிங் வேலைக்கு அக்காவைத் தேர்வுக்கு அழைத்தபோது, கம்ப்யூட்டருக்கு நானாச்சு என்று மார்தட்டியவனும் அவன்தான்.

அக்கா வேலையை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. மாமியார் படுத்த படுக்கையானபோது விட்டது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுக் கடிதமாக அடிக்கும் வேலை இது. நாற்பது நிமிடத் தேர்வு, ஒரே வாய்ப்பு. இதை விட்டால் இந்த வயதில் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பெட்டி, செத்துப்போன இரண்டு கம்ப்யூட்டர்களிலிருந்து பிடுங்கிய மெமரி, ஒரு காது மட்டும் பேசும் ஹெட்போன். முந்தின நாளே எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். பிராசஸர் மேலிருந்த விசிறி கொஞ்சம் இரைந்தது. அக்காவுக்கு நன்றாகக் கேட்க வேண்டுமே என்று பாசம் பொங்கி, தேர்வன்று காலை ஒன்பது மணிக்கு அதைக் கழற்றினான். ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆள். கழற்றும்போது அதன் கால் ஒன்று உடைந்தது. போகட்டும் என்று சத்தம் போடாத வேறொன்றைப் பொருத்தினான்.

விசிறி சுற்றவில்லை என்று திரையில் எழுதிவிட்டுக் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. புது விசிறி என்னவோ ஜோராகத்தான் சுற்றியது. ஆனால் அதற்கு இரண்டே ஒயர். நான் சுற்றுகிறேன் என்று மதர்போர்டுக்குத் தகவல் சொல்லும் மூன்றாவது ஒயர் பழையதில்தான் உண்டு. அந்தச் சோதனையையே நிறுத்திவிடலாமென்றால், பழைய அலுவலகத்தார் அதை மாற்ற முடியாதபடி பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தார்கள். தேர்வு பத்தரைக்கு.

கடைசியில் புதியது வேலையைப் பார்க்கட்டும், பழையது ஆஜர் மட்டும் கொடுக்கட்டும் என்று கால் உடைந்ததை மறுபடி போர்டில் செருகினான். கம்ப்யூட்டர் சாதுவாக எழுந்தது. ஆனால் விசிறியை மேஜையில் வைத்தால் மேஜையே கடகடத்தது, ஹெட்போனில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. துண்டில் வைத்தால் துண்டைக் கவ்விக்கொண்டு நின்றது, கம்ப்யூட்டரும் கூடவே படுத்தது.

வாசலில் நின்று வேடிக்கை பார்த்த அக்கா புருஷன், "பேசாம கையில பிடிச்சுக்கோ மச்சான்" என்றார். அவர் கிண்டலுக்குச் சொன்னார். இவன் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

விசிறியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி நாற்பது நிமிடம். தலைக்கு மேல் அக்காவின் விரல்கள் முதலில் தயங்கின, பிறகு மழை பிடித்துக்கொண்டது. அவள் இவ்வளவு வேகமாக அடிப்பாள் என்பதையே அவன் மறந்திருந்தான். கை மரத்துப்போனது. தன் முட்டாள்தனத்தால் அவள் தோற்றுவிடக் கூடாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

சத்தம் நின்றது. அவன் கையைத் தளர்த்தப் போனான்.

"எடுத்துடாதடா, அடிச்சது இன்னும் போய்ச் சேரல" என்றாள் அக்கா.

பிறகு திரையில் வந்ததை மெல்லப் படித்துக் காட்டினாள். தேர்வாகிவிட்டாள். திங்கட்கிழமை முதல் வேலை.

அதற்குள் மூன்று ஒயர் விசிறி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிவிடுகிறேன் என்று அவன் குற்ற உணர்ச்சியோடு அடியிலிருந்தே சொன்னான். அக்கா குனிந்தாள். கண் கலங்கியிருந்தது. சுற்றிக்கொண்டிருந்த விசிறியை அவன் விரல்களிலிருந்து பதமாகத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ போய்ச் சாப்பிடு. இதை இன்னொரு தடவ படிக்கணும். அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."